எல்இடி விளக்குகளைக் கொண்டு பிளாங்க் மாறிலியை அளக்கும் பெட்டி: பயன்படுத்திய அனுபவம்

ஒளித்துகளான ஃபோட்டானின் ஆற்றல் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் (அந்த விகித எண்ணே பிளாங்க் மாறிலி) அலைநீளத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்று பாடமாக மட்டுமே அறிந்திருந்த எனக்கு, இந்தச் சோதனைப் பெட்டி அதைக் கண்ணெதிரே காட்டியது. அறையை இருட்டாக்கி மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியபோது, 630 நானோமீட்டர் சிவப்பு விளக்கு 1.7 வோல்ட்டிலேயே ஊசிமுனையளவு மினுங்கத் தொடங்கியது. 470 நானோமீட்டர் நீல விளக்கோ 2.4 வோல்ட்டை எட்டும்வரை இருண்டே கிடந்தது. பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கினால் இந்த அலகுகளில் கிடைக்கும் 1240-ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் முறையே 1.97, 2.64 எலக்ட்ரான் வோல்ட் (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கையில் பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான் வோல்ட்) என வருகிறது. அளவீடுகள் இரண்டும் சற்றுக் குறைந்தாலும், அவற்றின் இடைவெளி கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனது மிகுந்த மகிழ்ச்சியளித்தது. திருகு குமிழ் இன்னும் நுட்பமாக நகர வேண்டும். தொடக்க ஒளியைப் பிடிப்பது கடினமாக இருக்கிறது. கையேட்டில் அதிர்வெண்களையும் அச்சிட்டிருக்கலாம். இயற்பியல் ஆசிரியர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.