“ஆடிக் காத்துல டிஷ் நகர்ந்துருச்சு அண்ணே”: 4,100 ரூபாய் போன கதை, இலவச டிஷ் வைத்திருப்பவர்கள் கவனம்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 4,100 ரூபாய். லட்சக்கணக்கில் விட்டவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் மாதச் சந்தா என்று ஒரு பைசா கேட்காத தூர்தர்ஷன் இலவச டிஷ்ஷுக்கு 4,100 ரூபாய் அழுதவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடமாட்டேன். அருப்புக்கோட்டைப் பக்கம் சின்ன ஊர். வாசலில் ரிமோட்டும் மிக்ஸி ஜாரும் சரம் சரமாகத் தொங்குமே, ஊருக்கு ஒரு கடை, அந்த ரகம்.

அப்பாவுக்குப் போன மாதம்தான் இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தது. கட்டைப் பிரித்த மறுநாள் டிவி முன்னால் உட்கார்ந்தவர், “கண்ணு தெளிஞ்சிருச்சுடா, இப்ப டிவிக்குத்தான் புரை விழுந்து கெடக்கு” என்றார். உண்மைதான். தீபாவளிக்கு நான் வாங்கிக்கொடுத்த 43 அங்குல டிவி, அதற்குப் படம் கொடுப்பது 2016இல் மாட்டிய பழைய செட்-டாப் பெட்டி. கிரிக்கெட் போட்டால் பந்து எது, காற்றில் பறக்கிற காகிதம் எது என்று தெரியாது. சம்பந்தி வீட்டில் அதே இலவச டிஷ்ஷில் டிடி நேஷனலும் டிடி நியூஸும் எச்டியில் பளிச்சென்று வருவதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரமாக அதே பேச்சு. நாலு நாள் லீவில் திருப்பூரிலிருந்து வந்திருந்தேன். இதையாவது செய்து கொடுத்துவிட்டுப் போவோம் என்று சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். அதுதான் தப்பு.

கடைக்கார அண்ணாச்சி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அட்டையில் கொட்டை எழுத்தில் “எச்டி”. பின்பக்கம் டிவிக்கு வயர் போகும் எச்டிஎம்ஐ சொருகும் இடம். “இதப் போட்டாப் போதும், எல்லா எச்டியும் வந்துரும்.” 1,650 ரூபாய். பில் கேட்டேன். “பில்லு போட்டா வரி சேரும்லா, உங்களுக்கு எதுக்குக் கூட 300 ரூபா?” என்று துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். 300 மிச்சம் என்று சந்தோஷமாக வாங்கி வந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டில் மாட்டினோம். பழைய சேனல் எல்லாம் வந்தது. எச்டி ஒன்றுகூட வரவில்லை. கடைக்குப் போன் போட்டதும், “நம்ம பையனை அனுப்புறேன்” என்றார். “நம்ம பையன்” என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பையன் சாயங்காலம் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டான். அப்பாவை “ஐயா” என்றான். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் தானே கொண்டுபோய் அடுப்படியில் வைத்தான். அப்பாவின் ரிமோட்டில் பேட்டரி ஊறிப்போயிருந்தது, கேட்காமலேயே துடைத்துச் சரிபண்ணினான். பெட்ரோலுக்கு 50 ரூபாய் நீட்டினேன். “அதெல்லாம் வேண்டாம்ணே, வேலைக்கு உள்ளத மட்டும் குடுங்க.” அந்த 50 ரூபாயை மறுத்தான் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். 50 ரூபாயை வேண்டாம் என்கிறவன் நம்மிடம் ஆயிரக்கணக்கில் உருவுவான் என்று யாருக்குத் தோன்றும்?

மெனுவைத் திறந்து இரண்டு பட்டையைக் காட்டினான். ஸ்ட்ரெங்த் (சிக்னல் பலம்) 90. குவாலிட்டி (சிக்னல் தரம்) 0. “பாத்தீங்களாண்ணே, குவாலிட்டி பூஜ்யம். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, உங்க டிஷ் நகராதா?” அப்பா தலையாட்டினார். அப்பா தலையாட்டினால் நானும் ஆட்டுவேன்.

அப்புறம் வரிசையாக விழுந்தது. முதலில் எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் குமிழ், போய்விட்டது என்றான், 450. வயர் உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று 20 மீட்டர், மீட்டர் 25 வீதம் 500. அன்றைக்குக் கூலி 300. எச்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். “டிஷ்ஷே தேஞ்சுபோச்சுண்ணே, எச்டிக்குத் தாங்காது.” புது டிஷ் 900, மறுபடி கூலி 300. பழைய டிஷ்ஷையும் எல்என்பியையும், “குப்பைதான, நான் தூக்கிப் போட்டுர்றேன்” என்று வண்டியில் கட்டினான். அதற்கும் நன்றி சொன்னேன்! பெட்டியோடு கூட்டினால் 4,100.

அப்போதும் எச்டி வரவில்லை. “டெல்லியிலருந்து சேனல் திறந்துவிடணும்ணே, 48 மணி நேரம் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மதியம் தங்கச்சி மகன் வந்தான். மதுரையில் ஓட்டல் அறைகளுக்கு டிவி லைன் இழுக்கிற வேலை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான், அவ்வளவுதான். அடியில் எறும்பு சைஸில் எழுதியிருக்கிறது: எம்பெக்-2, டிவிபி-எஸ். முதலாவது படத்தைச் சுருக்கும் முறை, இரண்டாவது அதைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் முறை, இரண்டுமே பழைய ரகம். இலவச டிஷ்ஷில் எச்டி சேனல்கள் வருவது எம்பெக்-4இல், அதுவும் டிவிபி-எஸ்2 முறையில். இந்தப் பெட்டிக்கு அந்த பாஷையே தெரியாது. டிஷ்ஷை வெள்ளியில் அடித்து மாட்டினாலும் குவாலிட்டி பூஜ்யம்தான் காட்டும். “அப்ப எச்டிஎம்ஐ இருக்கேடா?” என்றேன். “அது வாசல் மாமா. உள்ள இருக்கிறது பழைய சோறு. அதையே பெரிய தட்டுல வச்சு நீட்டும்.”

அடுத்து அவன் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. “மாமா, பழைய சேனல் எல்லாம் வந்துச்சா, இல்லையா?” வந்தது. முதல் நாளே வந்தது, மழைத்தூறலில்கூட வந்தது. “டிஷ் நகர்ந்திருந்தா அதுவும்தான போயிருக்கணும்?”

ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே தோன்றியிருக்கும். எல்லாம் ஒரே செயற்கைக்கோள், ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அக்கினி மூலைக்குக் கொஞ்சம் கிழக்கே, நல்ல உயரத்தில். பழையதும் அங்கிருந்துதான், எச்டியும் அங்கிருந்துதான். டிஷ் ஒரு விரல்கடை நகர்ந்தால் எல்லாமே போகும், எச்டி மட்டும் பொறுக்கிக்கொண்டு போகாது. ஸ்ட்ரெங்த் 90 என்று காட்டினானே, அதுவும் ஏமாற்றுத்தான். வெறும் வானத்தைப் பார்த்தாலும் எல்என்பி இரைச்சலைப் பெருக்கி அந்தப் பட்டையை ஏற்றிவிடும். பார்க்க வேண்டியது குவாலிட்டி, அதுவும் ஓடுகிற சேனலில் எவ்வளவு, ஓடாததில் எவ்வளவு என்று இரண்டையும். பயல் ஓடாத சேனலின் பட்டையை மட்டும் காட்டினான். கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் ஒழுங்காக இறங்கி வந்த சிக்னலுக்குக் கடைசி 20 மீட்டரில்தான் துருப்பிடித்துவிட்டதாம்.

டெல்லியில் திறந்துவிடுவதும் கிடையாது. சந்தா கட்டும் டிஷ்ஷில்தான் ரீசார்ஜ் பண்ணியதும் அங்கிருந்து திறந்துவிடும் வேலை. இலவச டிஷ்ஷில் சரியான பெட்டியை மாட்டிச் சேனல் தேடவிட்டால் போதும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி முகத்தில் ஈ ஆடவில்லை. “சீல் பிரிச்சாச்சே.” பிரிக்காமல் எப்படி மாட்டுவது? “எச்டின்னு போட்டிருக்கு, எச்டிஎம்ஐ வேலை செய்யுதுல்லா, வேறென்ன?” சரி, எல்என்பி, டிஷ், வயர்? “அது மெக்கானிக் சமாச்சாரம். அவன் நம்ம ஆளே இல்ல, சும்மா வந்து போறவன்.” சனிக்கிழமை நம்ம பையன், திங்கட்கிழமை வந்து போறவன்.

பையனுக்குப் போன் போட்டேன். முதல் தடவை, “வெயில் நேரா அடிக்குதுண்ணே, சூரியன் குறுக்க வந்தா சிக்னல் கட்டாகும்.” சூரியன் குறுக்கே வருவது உண்மைதான், ஆனால் அது மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் சில நாட்கள், நாளுக்குச் சில நிமிடம். ஆடி மாதத்தில் நாள் முழுக்கவா? இரண்டாவது தடவை, “வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்.” அப்புறம் ஏழு தடவை அடித்தேன், எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் உச்சம். அப்பாவோடு பக்கத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். அப்பா சட்டென்று நின்று மாடியைக் காட்டினார். எங்கள் டிஷ்! கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் மிச்சத்தை முன்னொரு நாள் அப்பா அதன் முதுகில் அடித்தபோது விளிம்பில் மூன்று கோடாக ஒழுகியிருந்தது. அந்த மூன்று கோடும் அப்படியே. கதவைத் தட்டினோம். “இதா? அந்தத் தம்பிதான் 700 ரூபாய்க்கு மாட்டுச்சு. பெட்டி எம்மவன் மெட்ராஸ்ல இருந்து அனுப்புனான்” என்றார் அந்த அம்மா. உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். எச்டிக்குத் தாங்காத எங்கள் தேய்ந்த டிஷ்ஷில் டிடி நியூஸ் எச்டி கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பத்து நிமிடம் உட்கார்ந்து செய்தி பார்த்துவிட்டு எழுந்தார். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். பெட்டியின் அடியைப் படியுங்கள், எம்பெக்-4, டிவிபி-எஸ்2 இரண்டும் இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள், அட்டையில் இருக்கும் எச்டியை நம்பாதீர்கள். பழைய சேனல் ஓடினால் டிஷ்ஷில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். கழற்றிய சாமானைக் கொடுத்தனுப்பாதீர்கள். 300 ரூபாய் போனாலும் பில் வாங்குங்கள். பில் தராததே 2019 நுகர்வோர் சட்டப்படி முறைகேடான வணிகமாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். கையில் இருப்பது துண்டுச் சீட்டு, பார்ப்போம்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பையனிடமிருந்து போன். “அண்ணே, கோவப்படாதீங்க. எம்பெக்-4 பெட்டி ஒண்ணு வந்திருக்கு. உங்களுக்குன்னா 1,800தான். பழைய பெட்டிய நான் எடுத்துக்கிறேன்.”