டூயல் என்ரோல்மென்ட்: பிள்ளையின் கல்லூரிக் கணக்கை ஏஜென்டிடம் கொடுத்துவிடாதீர்கள்

கலிபோர்னியாவில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள நம்மவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு, தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) சேர்த்துவிடுகிறேன் என்று காசு வாங்கும் ஆலோசகர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நிறையப் பேர் சுற்றுகிறார்கள். அப்படி ஒருவருக்கு 1,800 டாலர் கொடுத்தோம். பணம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். என் மகளின் கல்லூரி மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டில் ஒரு எஃப், அதாவது ஃபெயில், ஏறிவிட்டது, அதை அழிக்க வழியே இல்லை.

டூயல் என்ரோல்மென்ட் என்ற இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹைஸ்கூலில் இருக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுத்து, அந்த யூனிட்டுகளை (பாடத்துக்குக் கிடைக்கும் கிரெடிட்) பின்னால் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளலாம். யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) ஏற்கும் பாடமாக, மூன்று செமஸ்டர் யூனிட்டாவது உள்ளதாக இருந்தால், அதை ஹைஸ்கூலில் ஒரு வருடம் படித்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், கணக்கிடும்போது, ஏபி பாடத்துக்கு (ஹைஸ்கூலிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம்) போலவே ஒரு புள்ளி கூடுதலாகவும் கிடைக்கும், அதற்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. இதற்காகத்தான் நாம் ஆசைப்படுகிறோம். அந்த ஆசையைத்தான் இவர்கள் விலைபேசுகிறார்கள்.

"அக்கா, பாப்பா பன்னிரண்டாவது முடிக்கும்போது கையில் அசோசியேட் டிகிரி இருக்கும். நேரா யூசியில மூணாவது வருஷம்." இதுதான் அந்த ஆலோசகர் சொன்னது. அசோசியேட் டிகிரி என்றால் கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருடப் பட்டம். ஹைஸ்கூல் முடிக்கும் முன் எத்தனை யூனிட் வாங்கியிருந்தாலும் யூசிக்கு முதலாண்டு மாணவராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். யூனிட்டுகள் கணக்கில் சேரும், மூன்றாம் வருடத்தில் உட்காரவைப்பதாக யாரும் உறுதி தருவதில்லை. ஹைஸ்கூல் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்த பாடங்களுக்குத் தனியாக கிரெடிட் தராத தனியார் பல்கலைக்கழகங்களும் நிறைய இருக்கின்றன.

கல்லூரிக் கட்டணமும் அந்த 1,800-க்குள் அடக்கம் என்றார். பின்னால் மகளின் கட்டணப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். முதல் வரியில் யூனிட்டுக்கு 46 டாலர் வீதம் ஏறியிருந்தது. அடுத்த வரியிலேயே ஹைஸ்கூல் மாணவர் என்று அது முழுவதும் கழிந்திருந்தது. இங்கே பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. விண்ணப்பமும் இலவசம், கம்யூனிட்டி காலேஜ்களுக்கான சிசிசி அப்ளை இணையதளத்தில் பிள்ளையே நிரப்பிவிடலாம். பெற்றோரும் பள்ளியும் கையெழுத்திட வேண்டிய படிவத்தையும் நாங்கள்தான் அலைந்து வாங்கினோம். அவர் செய்தது வகுப்பில் பெயரைப் பதிந்தது ஒன்றுதான்.

அதிலும் மகளின் கல்லூரி இணையக் கணக்கை அவருடைய மின்னஞ்சல் முகவரியில் தொடங்கியிருந்தார். "நிறைய மெயில் வரும் அக்கா, பாப்பாவுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார். கல்லூரி அனுப்பிய அறிவிப்புகள், கெடு தேதிகள் எல்லாம் அவர் பெட்டிக்குத்தான் போயின. கோடை வகுப்பு, ஆறே வாரத்தில் ஒரு செமஸ்டர் பாடத்தை முடிப்பது. மூன்று பாடம் தாங்காது என்று மகள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். ஒன்றை டிராப் பண்ண, அதாவது அதிலிருந்து விலக்கிவிட, சொல்லி அவருக்கு எழுதினேன். "டன் அக்கா" என்று பதில் வந்தது, கூடவே ஒரு கட்டைவிரல். கேன்வாஸில் (கல்லூரியின் இணைய வகுப்புத் தளம்) அந்தப் பாடம் இன்னும் தெரிகிறதே என்று மகள் கேட்டபோது, "கொஞ்ச நாள் காட்டும், கண்டுக்காதீங்க" என்றார்.

அவர் டிராப் செய்யவே இல்லை. வகுப்புப் பக்கமே வராதவர்களை ஆசிரியரே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது உண்டு. இவள் முதல் வாரத்து வீட்டுப்பாடத்தைச் சமர்ப்பித்திருந்ததால் பெயர் அப்படியே இருந்துவிட்டது. சுவடில்லாமல் விலகும் தேதி போனது, டிரான்ஸ்கிரிப்டில் விலகியதற்கான டபிள்யூ குறியை வாங்கிக்கொண்டு விலகும் தேதியும் போனது. முடிவில் இரண்டு ஏ, அதற்குக் கீழே ஒரு எஃப். அதைப் பார்த்துவிட்டு அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். பெற்றோரிடம் பேச முடியாது என்றார்கள். ஃபெர்பா என்ற மத்தியச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதினாறு வயதானாலும் அந்தப் பதிவுகளின் மேல் உரிமை மாணவருக்குத்தான். சரி என்று மகளையே பேசவைத்து மனுவும் போட்டோம். விபத்து, உடம்பு சரியில்லாமை போன்ற காரணம் என்றால் கவனிப்போம், வேறொருவர் கணக்கைக் கையாண்டது காரணமாகாது என்று தள்ளிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது அந்த ஆலோசகர் அடுத்துச் சொன்னதைக் கேட்டுத்தான். "யூசி அப்ளிகேஷன்ல அந்தக் காலேஜைப் போடாம விட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" தயவுசெய்து இதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹைஸ்கூல் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்கள் எல்லாவற்றையும் மதிப்பெண்ணோடு சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடத்தையே ரத்து செய்வார்கள். ஒரு எஃப்-ஐ விளக்கிச் சொல்ல முடியும், பொய்யை என்ன சொல்லி விளக்குவது? பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் சொல்லிக்கொடுக்கும் வழியா இது?

அந்த இரண்டு ஏ-யிலும் ஒன்று கம்ப்யூட்டர் அடிப்படைப் பாடம். கல்லூரியின் பாடப் பட்டியலான கேட்டலாகில் அதன் விவரத்துக்குக் கீழே, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாம் என்ற வரியில் 'சிஎஸ்யூ' (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) என்று மட்டும் இருக்கிறது. யூசி இல்லை. எங்களுக்கு யூசிதான் குறி என்று அவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தோம். பாடத்தைப் பதிவதற்கு முன் அந்த ஒற்றை வரியைப் பாருங்கள், இரண்டும் இருக்க வேண்டும். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து பல பாடங்களின் எண்கள் மாறியிருக்கின்றன, அக்கம்பக்கத்தில் யாரோ கொடுத்த பழைய பட்டியலை வைத்துத் தேடாதீர்கள். பள்ளி கவுன்சிலரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், பதில் வர நாளாகும், ஆனால் காசு கேட்கமாட்டார்.

பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறார். கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். மகள் அதே பாடத்தை இந்த செமஸ்டரில் திரும்ப எடுக்கிறாள், இந்த முறை எல்லாம் அவள் கையில். புது மதிப்பெண் வந்தாலும் பழைய எஃப் டிரான்ஸ்கிரிப்டில் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஏற்கெனவே யாரிடமாவது கணக்கைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே பிள்ளையை உட்காரவைத்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், மின்னஞ்சலையும் ஃபோன் எண்ணையும் பிள்ளையுடையதாக மாற்றுங்கள். மின்னஞ்சல் முகவரியை மாற்ற முடியவில்லை என்றால், பள்ளி அடையாள அட்டையோடு பிள்ளை கல்லூரியின் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கே நேரில் போகட்டும். அப்புறம் வகுப்புப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக இருக்கும் டிராப் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தேதி வேறு, கோடை வகுப்புகளில் அது சில நாட்களிலேயே முடிந்துவிடும்.