இ-கழிவு ஷ்ரெடர் (பழைய மின்னணுப் பொருளைத் துண்டாக்கும் இயந்திரம்): இரட்டை ஷாஃப்டா, நான்கு ஷாஃப்டா? ஷாஃப்ட் என்றால் பிளேடு பொருத்திய சுழலும் தண்டு.

விலை: ஒரே திறனில் இரட்டை மலிவு. நான்கில் பிளேடும் பேரிங்கும் அதிகம். வாங்கும்போதும் செலவு, சாணை பிடிக்கும்போதும் செலவு.

வெளிவரும் துண்டு: முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். இரட்டையில் பொதுவாகச் சல்லடை கிடையாது. கேபிள் நீளநீளமாக, சர்க்யூட் போர்டு தாறுமாறான பட்டைகளாக விழும். நான்கில் அடியில் சல்லடை உண்டு. துளையில் நுழையும் அளவு வரும்வரை திரும்பத் திரும்ப வெட்டுப்படும். துண்டு சீராக இருந்தால்தான் அப்புறம் வரும் எடி கரண்ட் பிரிப்பானில் (மாறும் காந்தப்புலத்தால் உலோகத்தைத் தள்ளிப் பிரிக்கும் இயந்திரம்) அலுமினியம் ஒழுங்காகப் பிரியும்.

பராமரிப்பு: இரட்டை சுலபம்.

எதை வாங்கினாலும் சரி, லித்தியம் பேட்டரியைக் கழற்றாமல் உள்ளே போடவே போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும்.

உடைத்து அடுத்த ஆலைக்கு அனுப்புகிறவருக்கு இரட்டை போதும். உலோகத்தைத் தாமே பிரிப்பவர் நான்குக்கே போகலாம். கூடுதல் விலை வீணாகாது.