பேக்கப் ஓடுகிறது என்று நம்பியிருந்த நான்கு மாதங்கள்

2018-ல் ஒரு நாள் காலையில் என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. மதியத்துக்குள் டிஸ்க் இருப்பதையே கணினி காட்டவில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் இருக்கிறதே என்ற தைரியத்தில் இருந்தேன். எடுத்துப் பார்த்தால், கடைசியாக நகலெடுத்து 14 மாதம் ஆகியிருந்தது. அந்த 14 மாதத்தில்தான் அம்மா தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லச் சொல்ல நான் ஒலிப்பதிவு செய்திருந்தேன். டிஸ்க் போனபோது அம்மா உயிரோடு இல்லை. தரவு மீட்பவர்களிடம் கொடுத்தும் பாதிப் பதிவுகள்தான் திரும்பக் கிடைத்தன.

அப்போது தொடங்கிய பேக்கப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. நடுவில் பலமுறை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஞாயிறுதோறும் கையால் காப்பி, பேஸ்ட். ஆறு வாரம் ஒழுங்காக நடந்தது. ஏழாவது வாரம் வெளியூர் போனேன், அப்புறம் அந்த நினைப்பே வரவில்லை. மனிதர் ஞாபகம் வைத்துச் செய்யவேண்டிய பேக்கப் நிலைக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து விண்டோஸில் இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி. டிஸ்க்கைக் காட்டி ஒருமுறை ஆன் செய்தால் போதும், மாறிய ஃபைல்களை மணிக்கு ஒருமுறை நகலெடுக்கும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். எழுதிக் கெடுத்துவிட்ட கட்டுரையின் முந்தைய நாள் வடிவத்தை இதிலிருந்து பலமுறை எடுத்திருக்கிறேன். மேக்கில் டைம் மெஷின் 2007 முதலே இந்த வேலையைச் செய்கிறது. கமாண்ட் அடிக்க விருப்பமில்லாதவர்கள் இவற்றிலேயே தாராளமாக இருக்கலாம்.

"கிளவுட் ஃபோல்டரில்தான் எல்லாம் இருக்கிறதே, தனியாக எதற்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். அது சிங்க், பேக்கப் இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ஒரு ஃபைல் கெட்டுப்போனால் கெட்டுப்போன ஃபைல்தான் அங்கேயும் போய்ச் சேரும். அழித்தவை கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், உண்மைதான். ஆனால் அழிந்ததே தெரியாமல் அந்த நாட்கள் கடந்துவிட்டால்?

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். என் டிஸ்க் எப்போதும் லேப்டாப்பில் செருகியே இருந்தது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். அதனால் 2020-ல் ரெஸ்டிக் என்ற, கமாண்ட் அடித்து இயக்கும் பேக்கப் மென்பொருளுக்கு மாறினேன். இப்போது தினமும் இரவு ஒரு டிஸ்க்குக்கும் வாடகைக் கிளவுட் இடத்துக்கும் நகல் போகிறது. இன்னொரு டிஸ்க் அக்கா வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை இரண்டு டிஸ்க்குகளையும் இடம் மாற்றுகிறேன்.

ரெஸ்டிக் முதல் நகல் எடுக்கத்தான் நேரம் எடுக்கும். எனக்கு 400 ஜிபிக்கு ஓர் இரவு ஓடியது. பிறகு மாறிய பகுதிகள் மட்டும் போவதால், இப்போது தினமும் மூன்று, நான்கு நிமிடம்தான். எல்லாம் என்கிரிப்ட் ஆகியே, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடியே சேமிக்கப்படுவதால் கிளவுட் பற்றிக் கவலையில்லை. அதே காரணத்தால் பாஸ்வேர்ட் தொலைந்தால் தரவும் போய்விடும், மீட்க வழியே கிடையாது. காகிதத்தில் எழுதி என் வீட்டில் ஒன்று, அக்காவிடம் ஒன்று வைத்திருக்கிறேன். நாள் பிரதி 7, வாரப் பிரதி 4, மாதப் பிரதி 12 வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லியிருக்கிறேன். நகல் ஓடும்போது லேப்டாப்பை மூடிவிட்டால், வேறு வேலை குறுக்கிடாமல் இருக்க ரெஸ்டிக் போடும் பூட்டு ஒன்று மிச்சம் நின்றுவிடும். அப்புறம் பழையவற்றை நீக்கும் வேலை நடக்காது, அன்லாக் கட்டளை கொடுத்தால்தான் நகரும். வருடத்துக்கு நான்கைந்து முறை எனக்கு இது நடக்கிறது.

சரி, தலைப்பில் சொன்ன நான்கு மாதங்கள். 2021-ல் பழைய ஃபைல் ஒன்றைத் தேடி ஸ்னாப்ஷாட் பட்டியலை, அதாவது எந்தெந்த நாளில் நகல் எடுத்தது என்ற பட்டியலைத் திறந்தேன். டிஸ்க்கில் கடைசி நகல் நான்கு மாதம் முந்தையது. நடுவில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்ததில் டிஸ்க்குக்கு விண்டோஸ் கொடுக்கும் எழுத்து ஈ-யிலிருந்து எஃப்-க்கு மாறியிருக்கிறது. நகலை ஓட்ட நான் எழுதிய ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய சின்ன நிரல்) தினமும் ஈ-யைத் தேடி, காணாமல், சத்தமில்லாமல் நின்றிருக்கிறது. கிளவுட் நகல் அப்போது இன்னும் தொடங்கவில்லை. நான்கு மாதமும் என்னிடம் பேக்கப் இல்லை, இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருந்தது. வயிறு கலங்கிவிட்டது.

பெரிய நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்க இடம் தரும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், பேக்கப் எடுக்கும் கருவியின் வெர்ஷன் தரவுத்தளத்தின் வெர்ஷனோடு பொருந்தாததால் அது முன்பே தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபிறகு என் ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினேன். தோற்றால் செய்தி அனுப்பு என்பதற்குப் பதில், ஒவ்வொரு நகலும் வெற்றியாக முடிந்தபின் ஸ்கிரிப்ட் ஒரு கண்காணிப்புச் சேவைக்குக் குறிப்பு அனுப்பும். இரண்டு நாள் குறிப்பு வரவில்லையென்றால் அந்தச் சேவை என் ஃபோனுக்கு எச்சரிக்கை அனுப்பும். கணினியே செத்துப்போனாலும் எச்சரிக்கை வரும். ஏழு வருடத்தில் நான் செய்த மாற்றங்களில் இதுதான் மிகப் பெரியது.

இரண்டாவது, ரீஸ்டோர் செய்து பார்ப்பது. மாதம் ஒருமுறை, டிஸ்க் மாற்றும் நாளில், கண்ணை மூடிக்கொண்டு மூன்று ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து வேறு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பார்க்கிறேன். பெயரும் அளவும் சரியாக இருப்பது போதாது, திறக்கவேண்டும். முதல்முறை முழுவதையும் காலி டிஸ்க்கில் மீட்டபோது போட்டோ, ஆவணம் எல்லாம் வந்தது, மின்னஞ்சல் மட்டும் வரவில்லை. நான் பயன்படுத்தும் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்ட் தன் கடிதங்களை ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் வைக்கிறது. என் பட்டியலில் அது இல்லவே இல்லை. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே தெரிந்ததால் தப்பித்தேன்.

போன வருடம் ஒரு டிஸ்க்கில் ரீஅலொகேட்டட் செக்டர் எண்ணிக்கை, அதாவது கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கிவிட்ட பகுதிகளின் எண்ணிக்கை, கூடத் தொடங்கியது. உடனே மாற்றிவிட்டேன், ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

ஃபோன் மட்டும்தான் இன்னும் சரியாகவில்லை. படங்களை ஞாயிறன்று கேபிள் போட்டு லேப்டாப்புக்கு மாற்றுகிறேன், அதாவது இன்னமும் என் ஞாபகத்தை நம்பித்தான் இருக்கிறேன். ஆனால் அம்மாவின் பதிவுகளில் மிஞ்சிய பாதி இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் திறந்து பார்க்கும் மூன்று ஃபைல்களோடு நான்காவதாக அதில் ஒன்றைத் திறந்து, ஒரு நிமிடமாவது கேட்கிறேன்.