8 லட்சம் லீஸ் பணம் போச்சு: வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் நிறுவனம் இருந்தால் உஷார்

சென்னையில் லீஸுக்கு வீடு பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். 8 லட்சம் ரூபாய். மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப்பணமும் கைக்கு வரும் என்று எழுதிக் கொடுத்து ஒரு நிறுவனம் என்னிடம் வாங்கியது. இன்றைக்கு அந்த அலுவலகத்தில் பூட்டுத் தொங்குகிறது. வீட்டுக்காரரோ, "வாடகை பாக்கி நிக்குது, காலி பண்ணுங்க" என்கிறார். புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. உரிமையாளர்களிடம் வீட்டை எடுத்து "நிர்வாகம்" செய்வதாகச் சொல்லும் வகை என்பது போதும். எப்படி ஏமாற்றுகிறார்கள், எப்படித் தப்பிப்பது, இரண்டையும் சொல்கிறேன்.

இதில் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. உரிமையாளரிடம் நிறுவனம் போடுவது வாடகை ஒப்பந்தம்: மாதம் 20,000 தருகிறோம், ஆள் பிடிப்பது, பெயிண்ட், ரிப்பேர் எல்லாம் எங்கள் பொறுப்பு. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உரிமையாளருக்கு அது நிம்மதி. நம்மிடம் போடுவது லீஸ் ஒப்பந்தம்: 8 லட்சம், இரண்டு வருடம். முதல் தாளை நமக்குக் காட்டமாட்டார்கள், இரண்டாவதை உரிமையாளருக்குக் காட்டமாட்டார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளருக்கு 24 மாத வாடகை 4,80,000. நமக்குத் திருப்ப வேண்டியது 8,00,000. அதாவது நம் 8 லட்சத்தை வைத்து வருடத்துக்கு 30 சதவீதம் சம்பாதித்தால்தான் இரண்டு பேருக்கும் கொடுக்க முடியும். 7 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டால் இரண்டு வருடத்தில் 1,12,000 கிடைக்கும், ஆறு மாத வாடகைக்குக்கூடக் காணாது. ஆக, வாடகை நம் முதலிலிருந்தே போகிறது. காலி செய்கிறவருக்குக் கொடுப்பது புதிதாக வந்து மாட்டுகிறவரின் பணம். புது ஆள் வரத்து நின்றால் எல்லாம் ஒரே மாதத்தில் நிற்கும். நேரடியாக லீஸுக்கு விடும் உரிமையாளருக்கு யாருக்கும் வாடகை கட்ட வேண்டியதில்லை, அதனால் அங்கே இந்த ஓட்டை இல்லை. அவரே அந்த வீட்டுக்கு 8 லட்சத்தைவிட நிறையக் கேட்பார். தொகை குறைவாக இருப்பதே முதல் அடையாளம்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பந்தம் போடும்போது உரிமையாளருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்கள். "ஆமாங்க, வீட்டை அவங்ககிட்டதான் விட்டிருக்கேன், நீங்க தாராளமா வாங்க" என்றார் அவர். அந்தப் போனில் அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய்யில்லை. 'லீஸ்' என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். உள்வாடகைக்கு விட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. போன் பேச்சு அந்தச் சம்மதம் ஆகாது.

காகிதத்திலும் இதே தந்திரம்தான். வாயால் இரண்டு வருடம், தாளில் 11 மாதம், "அப்புறம் ரினியூ பண்ணிக்கலாம் சார்." ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குப் போனால் உரிமையாளரின் காதுக்குப் போய்விடும், அதனால்தான் நோட்டரி முத்திரையோடு முடிக்கிறார்கள்.

வாடகை நின்ற பிறகு அவர்கள் சொன்ன ஒவ்வொரு சாக்குக்கும் ஒரு வேலை இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். "அக்கவுண்ட்ஸ்ல சின்னப் பிரச்சினை, மாசக் கடைசில செட்டில் ஆயிடும்." "மேனேஜர் ஊர்ல இல்ல." "செக்கை இப்போ போடாதீங்க சார், பவுன்ஸ் ஆனா உங்களுக்கும் சார்ஜ் புடிப்பாங்க." இந்தக் கடைசிப் பேச்சைக் கவனியுங்கள், லீஸ் பணத்துக்காக அவர்கள் கொடுத்திருந்த செக்கைப் பற்றியது. செக்குக்கு அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் உயிர். திரும்பினால் பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும், நோட்டீஸ் கிடைத்தபின் அவர்களுக்கு 15 நாள், அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138 பிரிவு இதுதான். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று அந்த மூன்று மாதத்தைக் கரைத்துவிட்டால் 8 லட்சத்துக்குக் கையிலிருக்கும் வலுவான ஆயுதம் செல்லாக்காசு. நோட்டீஸை நிறுவனத்துக்கு மட்டும் அனுப்பாமல், கையெழுத்துப் போட்டவருக்கும் இயக்குநர்களுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கிடைத்த பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." ஒரே வீட்டை உரிமையாளரிடம் ஒரு மாதிரியும் நம்மிடம் வேறு மாதிரியும் சொல்லி 8 லட்சம் வாங்குவது வெறும் பணப் பாக்கியா? இது மோசடிக் குற்றம்: புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 420. புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அதே நிறுவனத்திடம் கொடுத்த மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் மதிப்பே வேறு.

வீட்டுக்காரர் மேலும் கோபம் வருகிறது, ஆனால் அவருக்கும் வாடகை வரவில்லை. அதற்காக கரண்டையும் தண்ணீரையும் நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடிந்தது இவ்வளவுதான்:

உரிமையாளரை நேரில் பார்த்து "இந்த வீடு லீஸா, வாடகையா?" என்று கேளுங்கள். அவர் கையெழுத்து இல்லாத லீஸ் ஒப்பந்தம் வேண்டாம்.

பணம் அவர் பேங்க் கணக்குக்கே போகட்டும். ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கூடாது.

வில்லங்கச் சான்று போடுங்கள். வீட்டுப் பத்திரம் பேங்கில் அடமானத்தில் இருந்தால் உரிமையாளரிடம் நேரடியாகவும் லீஸுக்குப் போகாதீர்கள்.

செக் வாங்கியிருந்தால் அதன் நம்பர், தேதி, தொகை, எதற்காக என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட நிறுவனத்தின் வீட்டில் இருப்பவர்கள், வாடகை ஒழுங்காக வருகிறதா என்று உரிமையாளரிடம் இன்றைக்கே கேளுங்கள். கையில் செக் இருந்தால் தேதியைப் பாருங்கள், மூன்று மாதம் முடிவதற்குள் பேங்கில் போடுங்கள்.