கீட்டோகோனசோல் ஷாம்பு: 3 வருஷம் யூஸ் பண்ணதுல எனக்குத் தெரிஞ்சது

பங்கஸை அடக்கற மருந்து கலந்த கீட்டோகோனசோல் 2% ஷாம்பு 3 வருஷமா யூஸ் பண்றேன். எனக்கு இருந்தது செபோரிக் டெர்மடைட்டிஸ், அதாவது பொடுகோட கடுமையான வகை, மஞ்சளா பிசுபிசுன்னு செதில் வரும், புருவத்துலயும் காதுக்குப் பின்னாடியும் கூட உரியும், சொறிஞ்சா நக இடுக்குல மாவு மாதிரி அப்பிக்கும். கருப்பு சட்டை போடறதையே விட்டிருந்தேன்.

முதல் மாசம் ஒண்ணுமே கேக்கல. தப்பு என் மேலதான், மத்த ஷாம்பு மாதிரி நுரை வந்த உடனே அலசிட்டு வந்துட்டேன். மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், பங்கஸ்ல ஒரு வகை, அது எல்லார் தலையிலயும் இருக்கறதுதான், நம்ம தலையில சுரக்கற எண்ணெயைத் தின்னுதான் உயிர் வாழுது, அப்போ அது விடற ஒலியிக் ஆசிட் சில பேரு தோலுக்கு ஒத்துக்காம எரிச்சலாகி செதிலா உரியுது. அந்த ஈஸ்ட்டை அடக்கணும்னா மருந்து கொஞ்ச நேரம் தோல்ல நிக்கணும். அதனால வகிடு வகிடா பிரிச்சு விரல் நுனியால தோல்ல படற மாதிரி தடவி 5 நிமிஷம் அப்படியே விட்டேன், வாரம் ரெண்டு தடவை. ரெண்டாவது வாரமே அரிப்பு நின்னுச்சு, நாலாவது வாரம் தலை சுத்தமா இருந்துச்சு. சரியாயிடுச்சேன்னு நிறுத்தினேன், ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடுச்சு. அந்த ஈஸ்ட் தலையை விட்டுப் போகாது, இதை ஏத்துக்கணும். இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடறேன், அது போதுது. குறைன்னு சொன்னா முடி வறண்டு போகும், நுனிக்கு மட்டும் கண்டிஷனர் போட்டா சமாளிக்கலாம், கண்ணுல பட்டா நல்லாவே எரியும்.

இவ்வளவு நல்லா கேட்டதுனாலதான் அடுத்த தப்பு பண்ணேன், இதை எழுதறதே அதுக்காகத்தான். என் 6 வயசு பொண்ணு தலையில காசு அளவுக்கு ஒரு இடத்துல முடி போச்சு. பாத்தவங்க எல்லாரும் புழுவெட்டுன்னாங்க, எனக்கு செதில் தெரிஞ்சதால பொடுகுதான்னு நெனச்சு என் ஷாம்புவையே அவளுக்கும் போட்டேன். 3 வாரம் வீணாப் போச்சு, அந்த இடம் ரெண்டு மடங்காச்சு, கழுத்துக்குப் பின்னாடி நெறி வேற கட்டிடுச்சு.

ஸ்கின் டாக்டர் ரூம் லைட்டை அணைச்சுட்டு வுட்ஸ் லேம்ப்னு ஒரு ஊதா லைட்டை தலையில காட்டினாங்க. வழுக்கை மாதிரி தெரிஞ்ச இடத்துல 2, 3 மில்லிமீட்டர்ல ஒடிஞ்சு நின்ன குட்டி முடி எல்லாம் பச்சையா மின்னுச்சு, அதைப் பாத்ததும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. தலையில வர்ற படர்தாமரை இது, டீனியா கேபிடிஸ்னு பேரு. இதுக்குக் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ்னு ஒரு வகை பங்கஸ், பூனை நாய்கிட்ட இருந்து வரும், அவ தெருவுல ஒரு பூனைக்குட்டியை மடியிலயே வச்சிருந்தா. எல்லா வகையும் இப்படி மின்னாது, டிரைகோஃபைட்டன் டான்சுரன்ஸ்னு இன்னொரு வகை மின்னவே மின்னாது, அதனால லைட்ல தெரியலன்னா பங்கஸ் இல்லன்னு ஆகிடாது, முடியையும் செதிலையும் எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கணும். புழுவெட்டுல தோல் வழவழன்னு இருக்கும், செதில் இருக்காது, செதிலோட முடியும் போனா பங்கஸா இருக்கலாம், இது ஒண்ணு தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன்.

ஷாம்பு ஏன் கேக்கலன்னா இந்த பங்கஸ் மேல்தோலோட நிக்கறதில்ல, முடிக்கும் வேருக்கும் உள்ளயே போயிடுது, அங்க மேல தடவற எதுவும் போய்ச் சேராது. உள்ளுக்கு மருந்து சாப்பிட்டே ஆகணும். அவளுக்கு க்ரிசியோஃபுல்வின் 8 வாரம், கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட குடுத்தாதான் உடம்புல நல்லா சேரும்னாங்க. ஷாம்புவையும் கூடவே போடச் சொன்னாங்க, ஆனா குணமாக்க இல்ல, ஸ்போர், அதாவது பங்கஸோட விதை மாதிரி துகள், உதிர்ந்து மத்தவங்களுக்கு ஒட்டாம இருக்க. சீப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் தனித்தனி ஆக்கினோம்.

செதில் அடங்கினதும் 5வது வாரமே நிறுத்திடலாமான்னு மனசு சொல்லுச்சு, டாக்டர் திரும்ப டெஸ்ட் பண்ணி இல்லன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தல. கெரியான்னு சீழ் கட்டி மாதிரி வீங்கி, அந்த இடத்துல தழும்பாகி முடியே வராம போன குழந்தைங்களும் இருக்காங்களாம், அதைக் கேட்டப்புறம் ஒரு வேளை கூட விடல.

நாலு மாசம் ஆச்சு. அந்த இடத்துல விரல் வச்சா இப்போ முடி குத்துது, ரெட்டை ஜடை போடும்போது மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் கட்டையா துருத்திக்கிட்டு நிக்கும்.