பத்தும் முப்பதும், நடுவில் ஒரு பொட்டும்

போன வாரம் 4,200 ரூபாய் கொடுத்து என் கேமராவின் வயிற்றிலிருந்து ஒரு தூசியை எடுத்துக்கொண்டு வந்தேன். இது இரண்டாவது முறை. முதல் முறை 2,800 ஆனது. ஆக மொத்தம் 7,000 ரூபாய், கண்ணுக்கே தெரியாத இரண்டு தூசிக்கு. எடைக்கு எடை பார்த்தால் தங்கமெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அலுவலக நண்பரின் போன்.

"சார், பொண்ணு காலேஜ் சேந்திருக்கா. டிஜிகேம், அதான் சின்ன டிஜிட்டல் கேமரா, வேணுமாம். செகண்ட் ஹேண்டுல ரெண்டு பாத்து வெச்சிருக்கேன், ஒண்ணு 30 எக்ஸ் ஜூம், ஒண்ணு 10 எக்ஸ் ஜூம். விலை ரெண்டும் ஒண்ணுதான். நீங்கதான் ரெண்டையும் வெச்சிருக்கீங்களே, எது வாங்கலாம்?"

அன்றைக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. நிதானமாக யோசித்துச் சொல்கிறேன் என்று மறுநாள் அவருக்கு வாக்குக் கொடுத்தேன். இது அந்த நிதானம். எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்போம்.

கம்பெனிப் பெயர்களை எழுதப்போவதில்லை. இரண்டு பக்கத்து சர்வீஸ் ஆட்களிடமும் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் பெயர் முப்பது, பத்து. முப்பதை 2016-ல் வாங்கினேன். லென்ஸ் கணக்கில் 24 மி.மீ.யில் தொடங்கி 720 வரை போகும் (எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்), பேண்ட் பாக்கெட்டில் அடங்கும். பத்து 2018-ல் வந்தது. 25-லிருந்து 250 வரைதான், ஆனால் உள்ளே ஒரு அங்குல சென்சார், அதாவது ஒளி விழுந்து படமாகும் சில்லு. மற்ற விவரமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

ஒரு அங்குலம் என்றதும் ஸ்கேலை எடுக்காதீர்கள். அந்த சென்சாரின் நிஜ அளவு 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. பழைய வீடியோ கேமராக்களில் கண்ணாடிக் குழாய் இருந்த காலத்தில், குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முப்பதில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சாரோ 6.17-க்கு 4.55 மி.மீ. சுண்டுவிரல் நகத்தில் வைத்தாலும் மிச்சம் இருக்கும். பரப்பளவில் பத்தின் சென்சார் அதைப்போல நான்கு மடங்கு. இந்த நான்கு மடங்குதான் எல்லாப் புகழுக்கும் காரணம், எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கும்.

முதலில் புகழ். திருக்கார்த்திகை அன்று வாசல் படியில் அகல் ஏற்றிக்கொண்டிருந்த அம்மாவை இரண்டிலும் எடுத்தேன். பத்து எடுத்த படத்தில் திரியின் சுடர் சுடராக இருக்கிறது, அம்மாவின் கன்னத்தில் அந்த மஞ்சள் வெளிச்சம் ஏறி இறங்குவது தெரிகிறது, மூக்குத்தியில் ஒரு துளி மின்னல். முப்பது எடுத்த படத்தில் அம்மாவின் முகம் தண்ணீரில் குழைத்த சந்தனம் மாதிரி வழவழவென்று இருக்கிறது. இருட்டில் எழும் புள்ளிகளை அழிக்கிறேன் பேர்வழி என்று கேமரா சுருக்கங்களையும் சேர்த்து மெழுகிவிட்டது. அம்மாவுக்கு அந்தப் படம்தான் பிடித்தது என்பது வேறு விஷயம். போதாததற்கு முப்பதில் ரா ஃபைல், அதாவது கேமரா கைவைக்காத மூலப் படம், கிடையாது. அது மெழுகிக் கொடுத்ததுதான் கடைசி.

சரி, ஜூமுக்கு வருவோம். வேடந்தாங்கலில் ஏரிக்கரை மேல் நின்றுகொண்டு, தண்ணீருக்குள் நிற்கும் மரத்தில் உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவைப் பத்தில் பார்த்தால் மரம் தெரியும். மரத்தில் வெள்ளையாக ஏதோ இருப்பது தெரியும். முப்பதில் பார்த்தால் கூழைக்கடா நம்மைப் பார்ப்பது தெரியும். ஆனால் கொஞ்சம் கணக்கும் போட வேண்டும். 250-ல் எடுத்த படத்தை வெட்டி 720-ன் அளவுக்குக் கொண்டுவந்தால் 20 மெகாபிக்சலில் மிஞ்சுவது 2.4. அடடா, போச்சே என்று தோன்றும். ஆனால் 4-க்கு 6 அங்குலப் பிரிண்ட் போட அது போதும். முப்பதோ 18 மெகாபிக்சலையும் பறவைக்கே கொடுக்கிறது. கொடுத்து என்ன பயன்? முழு ஜூமில் ஒளி நுழையும் லென்ஸ் துளை எஃப் 6.4-க்கு மேல் திறக்காது, அது சின்னத் துளைதான். அந்தத் துளை வழியாக வரும் ஒளி சென்சாரில் விழும்போது, ஒரு புள்ளியே சுமார் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு) அகலத்துக்குப் பரந்து விழும். அங்கே காத்திருக்கும் பிக்சலின் அகலமோ ஒன்றே கால் மைக்ரான். ஒரு ஆள் உட்கார ஆறேழு நாற்காலி போட்ட மாதிரிதான். லென்ஸை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இது மாறாது, ஒளியின் குணமே அப்படி.

அதோடு, பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேலே காற்று நெளிய ஆரம்பித்துவிடும். அப்புறம் 30 எக்ஸும் ஒன்றுதான், 100 எக்ஸும் ஒன்றுதான். நாரையின் அலகு ஜிலேபி மாதிரி வரும். காலை ஏழு மணிக்குப் போய்விட்டு டிபனுக்குத் திரும்பிவிடுங்கள்.

இனி பொட்டு.

2021-ல் தஞ்சாவூர் பெரிய கோயில். விமானத்தின் வடக்குப் பக்கத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் போல ஓர் உருவம் உண்டு. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்த ஆசாமியைப் பிடிக்கத்தான் போனேன். முப்பதில் தொப்பியின் விளிம்பு வரை வந்தார், கொஞ்சம் மங்கலாக. அப்புறம் பத்தை எடுத்து, மேகமில்லாத நீல வானத்தின் முன்னால் விமானத்தின் உச்சியை 250-ல் எடுத்தேன். 216 அடி உயரத்துக் கல், சாயங்கால வெயில், கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை. ஆனால் கலசத்துக்கு வலதுபக்கம், ஒரு சாண் தள்ளி, சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு பொட்டு. பறவையோ என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் அது அதே இடத்தில் நின்றது. லென்ஸைத் துடைத்தேன். திரும்பவும் அங்கேயே. ராஜராஜன் காலத்து விமானத்துக்குப் பக்கத்தில் நான் கொண்டுபோன தனி நிலா.

விஷயம் இதுதான். இந்த வகைக் கேமராவை ஆன் செய்தால் லென்ஸ் குழல் நீளும், ஆஃப் செய்தால் சுருங்கும். சைக்கிள் பம்ப் மாதிரி. ஒவ்வொரு தடவை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு நம் பாக்கெட்டில் இருக்கும் நூலும் பஞ்சும் போகின்றன. பெரிய கேமராவாக இருந்தால் லென்ஸைக் கழற்றி ரப்பர் பந்தால் ஊதிவிடலாம். இதில் கழற்ற வழியே கிடையாது. அகலக் கோணத்தில், துளை பெரிதாகத் திறந்திருக்கும்போது, ஒளி நாலாபக்கத்திலிருந்தும் வருவதால் தூசியின் நிழல் கரைந்துவிடும். ஜூம் செய்து துளை சின்னதானதும் நிழல் சுருக்கென்று விழும். அதனால்தான் வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் ஒன்றும் தெரியாது, வானத்தைப் பார்த்ததும் பொட்டு வைத்துக்கொள்ளும்.

நியாயமாகப் பேச வேண்டும் இல்லையா? முப்பதிலும் அதே குழல், அதே பம்ப். சொல்லப்போனால் சென்சார் சின்னது என்பதால் அதே தூசி அதில் இரண்டு மடங்கு அகலமாகத் தெரிய வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தூசி விழுவதற்கு இடம் குறைவு என்று சமாதானம் சொல்லலாம். ராசி என்றும் சொல்லலாம். பத்தைத் துணிப்பையில் பொத்திப் பொத்தி எடுத்துப் போனேன், முப்பதைச் சில்லறைக் காசோடு பாக்கெட்டில் போட்டேன். யாருக்கு நோய் வந்தது பாருங்கள்.

வாக்குவம் கிளீனர் வைத்தியம் என்று ஒன்று இருக்கிறது. குழாயின் வாயை லென்ஸைச் சுற்றிக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, ஜூமை உள்ளும் வெளியுமாக இழுக்க வேண்டும். காற்று போன வழியே தூசியும் வரும் என்பது நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் உட்கார்ந்து செய்தேன். மனைவி குழாயைப் பிடிக்க, நான் ஜூமைத் தட்ட, உள்ளேயிருந்து மோட்டார் 'க்ரீச்' என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துவிட்டோம். மாடிக்குப் போய் வானத்தை ஒரு படம் எடுத்தேன். வலது ஓரத்தில் இருந்த பொட்டு நட்டநடுவுக்கு வந்திருந்தது. "முன்னேற்றம்தான்" என்றாள் மனைவி. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சர்வீஸுக்குக் கொண்டுபோனால், மொத்த லென்ஸ் யூனிட்டையும் மாற்றத்தான் வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு நண்பர் பார்த்துவைத்திருக்கும் இரண்டு கேமராவையும் வாங்கிவிடலாம். அப்புறம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையைப் பிடித்தேன். அங்கே இருந்த பையன் பின்பக்கத்தைத் திறந்து, ஊசி முனை ஸ்க்ரூக்களைக் காந்தத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, சென்சாரைத் தூக்கி, ஒரு துடைப்பானால் ஒரே இழுப்பு இழுத்தான். ஐந்து நிமிஷம்கூட இல்லை. "இது திரும்ப வருமாப்பா?" என்றேன். "நீங்க ஆன் பண்ணா வரும் சார்" என்றான். இதைவிட நேர்மையான பதிலை இந்தக் கேமரா விஷயத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒன்றரை வருஷத்தில் வந்தது. போன வாரம் போனபோது பையன் அதேதான், கூலி மட்டும் ஏறியிருந்தது.

இதெல்லாம் ஒருபுறம் இருக்க, முப்பதுக்கு வீட்டில் ஒரு தனி வாழ்க்கை தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. எதிர்வீட்டுத் தென்னை மரத்தில், மட்டை விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு பொந்து. அதில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒன்று தலையை நீட்டும். முப்பதின் மூலையில் ஒரு விசையைத் தள்ளினால் குட்டி வியூஃபைண்டர் எழும்பும், அதைத் தன் பக்கமாக இழுத்துக் கண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா பால்கனி நாற்காலியில் முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, 720-ல் வைத்து, அரை மணி நேரம் அப்படியே இருப்பார். மஞ்சள் கண் மெதுவாக மூடித் திறப்பதை எங்களுக்கு நேர்முக வர்ணனையாகச் சொல்வார். ஒரு படம்கூட எடுப்பதில்லை.

"எடுக்கலாமேப்பா?"

"எதுக்குடா? அதான் பாத்துட்டேனே."

பத்தைக் கொடுத்துப் பார்த்தேன், அதன் வியூஃபைண்டர் திரையில் பிக்சல் அதிகம். ஒரு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணை அசைத்தால் ஓரமெல்லாம் வானவில் தெரிகிறதாம். உண்மைதான். அது சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் திரை. சிலர் கண்ணுக்கு அந்த மாற்றம் பிடிபட்டுவிடும். ஆக முப்பது இப்போது அவருடையது. நான் எப்போதாவது எடுத்துப் போனால் பார்வையைச் சரிசெய்யும் சக்கரம் அவர் கண்ணுக்குத் திருப்பியபடி இருக்கும், பேட்டரியில் ஒரு கட்டைதான் மிச்சம் இருக்கும். லென்ஸை மூடும் இரண்டு தகடுகளில் ஒன்று வேறு பாதியில் நின்றுவிடுகிறது, விரலால் தள்ளிவிட வேண்டும். அப்பா அதை வெற்றிலைப் பெட்டி திறக்கிற லாவகத்தோடு செய்கிறார்.

2010-ல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கடைக்குப் போயின. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே. போன் தின்றுவிட்டது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பழைய டிஜிகேமைத் தேடி அலைவதால் செகண்ட் ஹேண்ட் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால்தான் நண்பரிடம் கறாராகப் பேசினேன். படம் என்று பார்த்தால் பத்துதான் கேமரா, முப்பது பொம்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பத்தை வாங்காதீர்கள், முப்பதை வாங்குங்கள். பொண்ணு தோழிகளை எடுப்பாள், நிலாவை எடுப்பாள், பையில் தூக்கிப் போடுவாள். பத்தை வாங்கினால் உங்களுக்கு ரிச்சி தெரு மாடிப்படி பழகிவிடும்.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்போ உங்க பத்தை என்ன பண்ணப் போறீங்க சார்? இப்பதானே கிளீன் பண்ணியிருக்கீங்க. எனக்கே குடுத்துடுங்களேன்."

ஒரு தொகை சொன்னேன்.

"அந்த விலைக்குப் புதுசே கிடைக்கும் போல இருக்கே சார்."

அப்படியென்றால் புதுசே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போகிறேன். பத்தின் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.